திங்கட்கிழமைக்கு ஒரு சேலை

அண்மையில் வந்த கடிதங்களுள் ஒன்று இப்பகுதியின் வாசகிகளுட் பலருக்கும் பொதுவானதாக இருந்தமையால், அதற்குத் தனியே மறுமொழி அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன். எழுதியவர் யாழ்ப்பாணப் பகுதியில் ஆசிரியையாகக் கடமை புரியும் ஒரு சகோதரி. இரண்டு பிள்ளைகளின் தாய்; இளையவனுக்கு வயது மூன்று. அலுமாரியைத் திறந்தால் உடுபுடைவைகள் சரிந்து காலடியில் விழுகின்றன என்றும், ஆயினும் காலை 6 மணிக்கு அதன் முன்னே நின்றால் உடுத்துவதற்கு ஒன்றுமில்லை என்றும் அவர் கூறுகிறார். பிள்ளைகள் பிறந்தபின் பழைய சட்டைகள் எவையும் அளவாக இல்லை. கிழமையில் ஐந்து நாளும் இரண்டு சேலைகளையே மாற்றி மாற்றி உடுக்கிறாராம். “எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ‘ரீச்சர் இண்டைக்கும் நீலம்’ என்று பக்கத்துப் பிள்ளைக்கு மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று முழுவதும் கரும்பலகைப் பக்கம் திரும்பவே மனம் கூசியது” என்று எழுதியிருக்கிறார். மாதத்தில் 5,000 ரூபாவுக்கு மேல் தமக்கென்று எடுக்க இயலாது என்பதையும் ஒளியாமற் சொல்கிறார்.

இக்கடிதத்தை நான் இருமுறை வாசித்தேன். இவரிடம் குறைவாக இருப்பது துணியன்று. நமது அலுமாரிகளை நிரப்பி வைத்திருப்பவை பெரும்பாலும் பிறருடைய வைபவங்களே. மைத்துனியின் கலியாணத்துக்கு வாங்கியது, அண்ணர் மகளின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கியது, குடிபூரலுக்கு யாரோ தந்தது, கொழும்பிலிருந்து மாமி கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு நாளுக்காக வந்து, அந்நாள் முடிந்ததும் மடித்து வைக்கப்பட்டது. வருஷத்திலே பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கென ஒரு தட்டு நிறையச் சேலைகள். ஏறத்தாழ இருநூறு வேலை நாட்களுக்கு இரண்டே சேலைகள். திங்கட்கிழமைக்கென்று நமக்கு ஒருவரும் சேலை வாங்கித் தருவதில்லை, நாமும் வாங்கிக்கொள்வதில்லை. “எனக்கு என்னத்துக்கு, இருக்கிறது காணும்” என்று சொல்லிப் பழகியது தாயின் வாய். மகளுக்குச் சப்பாத்து, மகனுக்குப் புத்தகப்பை, கணவருக்கு இரண்டு சேட்டு என்று கணக்கெழுதி வரும்போது, தாயின் பெயர் வருமுன்பே தாள் முடிந்துவிடுகிறது.

இதனைத் தியாகம் என்று புகழ்வோர் உளர். நான் புகழமாட்டேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னே நின்று கைதூக்கி எழுத வேண்டிய ஒருவருக்கு, அக்குள் இறுகும் சட்டையும் பத்து நிமிடத்துக்கொருமுறை நழுவும் கொய்யகமும் தொழிலுக்கே இடையூறு. கந்தோரிலே மேசைக்கு முன்னிருப்பவருக்கும், ஆசுபத்திரியிலே நாள் முழுவதும் நடப்பவருக்கும் இதே நிலைமைதான். உடுப்பை எண்ணி எண்ணிக் கூசும் மனம் பாடத்தில் நிற்காது.

அன்றியும், ஆசிரியைக்குச் சேலை விருப்பமான உடை மாத்திரமன்று, கட்டாயமும் ஆகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு செப்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை எட்டும் நிலைக்கு வந்தது. அக்காலத்தில் அரச ஊழியர் தமக்கு வசதியான, ஒழுங்கான உடையிற் கடமைக்கு வரலாம் என்று பொது நிருவாக அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. அதன்பின் ஆசிரியைகள் சிலர் சேலையன்றி வேறு உடுப்பிற் பாடசாலைக்குச் சென்றதும், நாடெங்கும் வாதம் எழுந்ததும், ஆசிரியைக்குரியது சேலையே என்று கல்வி அமைச்சு நின்றதும் வாசகிகள் அறிந்தவை. அவ்வாதத்தில் எப்பக்கம் நியாயம் என்பதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் ஒன்று சொல்வேன்: ஓர் உடையைக் கட்டாயமாக்கினால், அதற்குரிய செலவும் கட்டாயமாகின்றது. பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கும் வழக்கம் 1993 ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஆரம்பமாயிற்று. ஆசிரியையின் சேலையோ அவருடைய சம்பளத்திலிருந்தே வரவேண்டும். ஆகவே அதனைக் குடும்பக் கணக்கிலே பஸ் கட்டணத்தைப்போல எழுதுவதே முறை. மிஞ்சினால் வாங்குவோம் என்று விடுவது முறையன்று.

இனி, வேலைக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இளையவனை மாமியிடமோ தங்கையிடமோ ஒப்படைத்துவிட்டு, அலுமாரியை வெறுமையாக்கி எல்லாவற்றையும் கட்டிலிற் பரப்புக. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது, இது அழகானதா, விலை என்ன, யார் தந்தது என்று கேட்கவேண்டா. கேட்டால் இரவு ஆகிவிடும். பழைய கதைகள் வந்துவிடும். இந்தத் தவணையில் இதனை ஒருமுறையாவது உடுத்தேனா? உடுக்கவில்லையென்றால் எதனால்? இவ்விரண்டு வினாக்களே போதும். விடைகளை ஒரு தாளில் எழுதி வரின் வியப்பாக இருக்கும். சட்டை அளவில்லை, உள்பாவாடை நிறம் பொருந்தவில்லை, ஓரத்துக்குப் பிடித்த துணி கழன்றுவிட்டது, ஸ்திரிக்கை போட நேரமில்லை. இவற்றுட் சேலையின் குற்றம் ஒன்றுமில்லை. ஊசி நூலாலும், ஒரு மீற்றர் சட்டைத் துணியாலும் தீரக்கூடிய காரணங்களுக்காக, நல்ல சேலைகள் இருட்டிலே கிடக்கின்றன.

ஆகவே முதல் மாதத்துப் பணத்தைச் சேலையிற் செலவிட வேண்டா, சட்டையிற் செலவிடுக. நமது உடையில் முதலில் வயது போவது சட்டைக்கே. சேலை 5½ மீற்றர் நீளமும் எவ்வுடம்புக்கும் பொருந்தும். மெலிந்தாலும் பருத்தாலும் அதற்குக் கவலையில்லை. சட்டையோ ஓரங்குலத்துக்கும் இடம் கொடாது. ஒவ்வொரு சேலைக்கும் அதற்கென்றே ஒரு சட்டை என்பது இக்காலத்து வழக்கம். சேலையோடு சட்டைத்துண்டும் சேர்ந்து வருவதால் வந்த பழக்கம் அது. அதைவிட, உள்ள சேலைகளை நிறத்தின்படி பக்கத்திற் பக்கத்தில் வைத்து, அவற்றின் கரையிலும் பூவிலும் திரும்பத் திரும்ப வரும் நிறங்கள் எவை என்று பார்க்க. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிறங்களே அகப்படும். மரூன், கடும்பச்சை, கடுநீலம் என்று வந்தால், அம்மூன்று நிறத்திலும் கோலமில்லாத வெறுஞ் சட்டை ஒவ்வொன்று தைப்பித்தால், ஏழெட்டுச் சேலைகள் உயிர் பெற்று எழும். மெல்லிய சந்தன நிறத்தில் ஒன்று சேர்ந்தால் வெளிர் நிறச் சேலைகளுக்கும் ஆயிற்று.

தைக்கக் கொடுப்பதிலும் சில நுட்பங்கள் உள. பருத்தித் துணியாயின் முதலில் ஓரிரவு நீரில் ஊறவைத்து, உலர்த்தி, அதன்பின் கொடுக்க. உள்ளே வைக்கும் துணிக்கும் இதுவே விதி. வெளித்துணி சுருங்காமல் உட்டுணி சுருங்கினால் தையல் ஓரங்கள் நெளிந்து, புதுச்சட்டை ஒரு தோய்ப்பிலேயே பழஞ்சட்டை ஆகிவிடும். அளவுக்குப் பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு வருவது நமது வழக்கம். அது பழைய உடம்பின் கணக்கு. சற்றுப் பொறுத்து நின்று உடம்பை அளப்பிக்க. தையற்காரி, “அக்கா, உள்ளுக்குத் துணி விடவோ?” என்று கேட்டால், துணி வீணென்று எண்ணாமல் இரு பக்கமும் ஓரங்குலம் விடச் சொல்க. பிள்ளை பெற்ற உடம்பு இரண்டு மூன்று வருஷம் ஒரு நிலையில் நிற்பதில்லை; உள்ளே துணியிருந்தால் ஒரு மாலை நேரத்தில் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பாலூட்டும் தாய்மார் கொளுக்கியை முன்புறம் வைப்பிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; முதுகுப்புறம் கொளுக்கியும் கயிறும் வைக்கும் நாகரிகம் கண்ணாடிக்கு முன்னே உதவிக்கு ஆளுள்ளவர்களுக்கு உரியது.

உள்பாவாடையை யாரும் காண்பதில்லையென்று அலட்சியம் செய்கிறோம். சேலை நழுவுவதற்குப் பாதிக் காரணம் அதுவே. வழுவழுப்பான சற்றின் துணியின்மேல் நைலெக்ஸ் சேலை எவ்வாறு நிற்கும்? பொப்பிலின் போன்ற பருத்தித் துணியில் கறுப்பு, மரூன், வெள்ளை என மூன்று இருந்தால் எந்தச் சேலைக்கும் ஒன்று பொருந்தும். வீட்டிலே தையல் இயந்திரம் இருப்பவர்கள் கடையில் வாங்கவே வேண்டா. சிங்கர் இயந்திரம் 1877 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் விற்பனையாகி வருகிறது. பாட்டியின் காலத்துக் கைச்சில்லு இயந்திரம் இன்றும் பல வீடுகளில் துணி மூடிக் கிடக்கின்றது. எண்ணெய் விட்டால் நேர்த்தையலுக்குப் போதுமானது. உள்பாவாடைக்கு நேர்த்தையலைத் தவிர வேறென்ன வேண்டும்?

சட்டைகளும் உள்பாவாடைகளும் ஒழுங்கானபின் சேலைக்கு வருவோம். முன்பு கூறிய தாளைப் பார்த்தால், உண்மையில் எத்தனை சேலை குறைகின்றது என்பது தெரியும். இரண்டு அல்லது மூன்று என்றே பெரும்பாலும் வரும். இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன்; விலைகள் ஊருக்கு ஊர் மாறுவன ஆதலால் இதனை உதாரணமாக மாத்திரம் கொள்க. ஒரு கலியாணத்துக்கென்று 12,000 ரூபாவுக்கு வாங்கிய சேலையை ஆறுமுறை உடுத்தால், ஒருமுறை உடுக்க 2,000 ரூபா செலவாயிற்று. 3,500 ரூபாவுக்கு வாங்கிய வேலைச் சேலையைக் கிழமைக்கு ஒருமுறையாக வருஷத்தில் 40 கிழமை உடுத்தால், ஒருமுறைக்கு 87 ரூபா 50 சதம். இரண்டு வருஷம் உழைத்தால் 44 ரூபாவுக்குள் அடங்கும். ஆயினும் 12,000 ரூபாச் சேலையை வாங்கும்போது பேசாமல் இருக்கும் வீடு, 3,500 ரூபாச் சேலையைக் கண்டதும் “இப்ப என்ன தேவை?” என்று கேட்கும். இந்தக் கேள்விக்குத் தாளையும் பென்சிலையும் எடுத்துக் கணக்கைக் காட்டுவதே தக்க மறுமொழி.

எத்தகைய துணி? நமது வெயிலுக்குப் பருத்தியே ஏற்றது என்று எல்லோரும் சொல்வர். அதன் காரணமும் தெரிந்திருத்தல் நன்று. மாணவிகளுக்கு இது விஞ்ஞான பாடமுமாகும். சாதாரணக் காற்றிலே பருத்தி தன் நிறையில் நூற்றுக்கு 8 பங்களவு ஈரத்தை ஏற்று வைத்திருக்கும்; பொலியெஸ்ரர் நூல் அரைப்பங்கைக்கூட ஏற்காது. வியர்வையைத் துணி உறிஞ்சாவிட்டால் அது உடம்பிலேயே நிற்கும். ஆனால் இதே குணத்தாற்றான் பொலியெஸ்ரர் சேலை தோய்த்து உதறிய சில மணி நேரத்தில் உலர்ந்துவிடுகிறது, கசங்காமலும் நிற்கிறது. 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்ட இந்நூல் உலகெங்கும் பெண்களின் சலவைப் பொழுதைக் குறைத்தது என்பதை மறுக்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி போட்ட நூற்சேலையை நாள்தோறும் ஸ்திரிக்கை போடுக என்று உபதேசிக்க நான் துணியமாட்டேன். இரண்டும் கலந்த துணி இத்தகைய தாய்மாருக்கு நடுவழி. சட்டை மாத்திரம் முழுப் பருத்தியாக இருக்கட்டும். உடம்போடு ஒட்டுவது அதுவே.

கடையிலே “இது முழுப் பருத்தி” என்பார்கள். வீட்டுக்கு வந்தபின் சோதிக்க ஒரு வழி உண்டு. சேலையின் தொங்கலிலிருந்து இரண்டு நூல்களை இழுத்து, கிண்ணத்துக்கு மேலே குறட்டாற் பிடித்துக் கொளுத்துக. கடதாசி எரியும் மணம் வந்து, தொட்டால் உதிரும் மெல்லிய சாம்பல் மிஞ்சினால் பருத்தி. றேயோனும் இவ்வாறே எரியும். தலைமயிர் கருகும் மணம் வந்தால் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணியாக இறுகினால் பொலியெஸ்ரர் அல்லது நைலோன். பிள்ளைகள் எட்டிநிற்கச் செய்து இதனைச் செய்க. குறுக்கு நூலும் நெடுக்கு நூலும் வெவ்வேறாக இருக்கக்கூடும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

உள்நாட்டுக் கைத்தறியை மறந்துவிட வேண்டா. அம்பாறை மாவட்டத்து மருதமுனையில் நெசவு பல தலைமுறையாக நடந்துவருகிறது. அங்கு நெய்யும் சாரமும் சேலையும் நீண்ட நாள் உழைப்பவை. முதலில் உடுக்கும்போது சற்று முரடாகத் தோன்றும். தோய்க்கத் தோய்க்க மென்மையாகும். இரு பக்கமும் ஒரே கரையுள்ள சேலையைத் தெரிந்தெடுத்தால் இன்னொரு இலாபமும் உண்டு. நிலத்தில் உரசும் கீழ்க்கரை நைந்துபோனால், தலைகீழாகத் திருப்பி உடுக்கலாம். ஓரத் துணியைப் பிரித்து மறுபக்கம் தைத்தாற் போதும். கொய்யகப் பகுதியிற் கிழிந்தால், அத்துண்டை வெட்டி நீக்கி இரு பாதிகளையும் பொருத்தித் தைத்து, பொருத்து உட்சுற்றில் மறையுமாறு உடுத்த பாட்டிமார் நம் எல்லோருடைய வீட்டிலும் இருந்தனர்.

சேலை கட்டாயமில்லாத வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பஞ்சாபி உடுப்பும், பாவாடையும் மேற்சட்டையும் இலகுவானவை. கொழும்பிலே புறக்கோட்டையும், மகரகமைக்கு அண்மையிலுள்ள பமுனுவவும் மலிவுக்குப் பெயர்பெற்றவை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் இத்தகைய இடங்களிற் கிடைக்கும். மலிவென்று கண்டவுடன் அள்ளிக்கொள்ளாமல் நான்கு விஷயம் பார்க்க: இரண்டு கையும் ஒரே நீளமா, தையலை இரு பக்கமும் இழுத்தாற் பல் தெரிகிறதா, சிப் ஏறி இறங்குகிறதா, வெயிலிற் பிடித்தால் நிறம் ஒன்றுபோல் இருக்கிறதா. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய கிழமைகளில் வாங்குவது நெருக்கத்தையும் கூடிய விலையையும் தேடிச் செல்வதாகும். பண்டிகை கழிந்தபின் கடைகள் தாமே விலை குறைக்கும். வேலைச் சேலைக்குப் பண்டிகை எதற்கு?

வீட்டுவாசலுக்கே வந்து தவணைக்குத் தரும் வியாபாரிகளிடம் வாங்குவதை நான் விரும்புவதில்லை. 5,000 ரூபா ஒதுக்க முடிந்தவர் இரண்டு மாதம் சேர்த்து முழுக்காசுக்கு வாங்குவதே மலிவு. நாலைந்து சகோதரிகள் சேர்ந்து சிறு சீட்டுப் பிடிப்பதும் நல்லதே, சீட்டுக்காரி நம்பிக்கையானவராக இருந்தால். சிறு தவணை என்று தொடங்கும் கடன் எங்கே போய் நிற்கும் என்பதை நுண்கடன் பட்ட குடும்பங்கள் அறியும். 2018 ஆம் ஆண்டில், வறட்சியுற்ற மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பேற்க முன்வர வேண்டியிருந்தது. ஓர் உடுப்பின் பெயரால் அவ்வழியிற் கால் வைக்க வேண்டா.

எண்ணி எண்ணி உடுப்பதா, அது வறுமையின் அடையாளமல்லவா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 யூன் 1 ஆந் திகதி முதல் பிரித்தானியாவில் உடுப்புக்குப் பங்கீடு வந்தது. முதல் வருஷத்தில் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளிக் கவுணுக்கு 11, ஒரு சோடி நீள்காலுறைக்கு 2. பணமிருந்தாலும் கூப்பன் இன்றி வாங்க முடியாது. பழையதைத் திருத்தி உடுப்பது எவ்வாறு என்று அரசாங்கமே 1943 இற் கைந்நூல் வெளியிட்டது. இப்பங்கீடு முற்றாக நீங்க 1949 ஆம் ஆண்டு ஆயிற்று. அந்நாட்டுப் பெண்கள் அதனால் அலங்காரம் குன்றினர் என்று யாரும் எழுதவில்லை. இங்கும், 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலத்தை நம் தாய்மார் மறக்கவில்லை. ஒரு நல்ல வொயில் சேலை வீட்டுக்கு வந்தால், அதனைத் தாயும் இரண்டு பெண்களும் முறைவைத்து உடுத்த காலம் அது.

முறைவைத்து உடுப்பது இன்றும் நடக்கலாம். வைபவச் சேலைகளை இரண்டு மூன்று சகோதரிகள் தமக்குள் மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு கலியாணத்துக்கும் புதிது வாங்கும் செலவு பாதியாகும். “இது போன முறையும் உடுத்தது” என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லா மண்டபத்திலும் இருப்பார். அவர் சேலை வாங்கித் தரப்போவதில்லை.

வெளிநாட்டுப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் அன்போடு அனுப்பும் உடுப்புகளுட் கம்பளிச் சட்டையும் தடித்த கோட்டும் இருக்கின்றன. சுன்னாகத்து வெயிலில் அவற்றை யார் உடுப்பர்? அன்பு காரணமாக அவை அலுமாரியில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டு பத்து வருஷம் கிடக்கும். அடுத்த பெட்டி வருமுன் “அக்கா, நல்ல பருத்தித் துணி இரண்டு மீற்றர் போதும்” என்று தொலைபேசியிற் சொல்வதிற் பிழையில்லை. வந்து கிடப்பவற்றை நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலுள்ள குளிர்ப்பிரதேசக் குடும்பங்களுக்குக் கொடுத்தால் உதவும்.

வீட்டிலே உடுப்பதைப்பற்றி அந்தச் சகோதரி ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் சொல்லாமல் விட மனமில்லை. வேலையால் வந்ததும் நைற்றிக்குள் புகுந்து, விருந்தினர் வந்தால் அதன்மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொள்வது இன்று எங்கும் காணும் காட்சி. சௌகரியம் என்பது உண்மை. நான் அதனைப் பழிக்கவில்லை. கிழிந்ததும் நிறம் போனதுமான ஒன்றையே வீட்டுக்கென்று ஒதுக்குவதுதான் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் நம்மை அதிக நேரம் காண்பது வீட்டிலேதான். உடுத்து ஓய்ந்த நூற்சேலை ஒன்றிலே ஒரு நீளச் சட்டையும், மகளுக்கு ஒரு பாவாடையும் தைக்கலாம். செலவு நூல் மாத்திரமே.

வாங்கியதைக் காப்பதிலும் யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மீது அமைந்தது. கிணற்று நீர் வன்னீர். சவர்க்காரம் அதிலே நுரையாமற் படிவாகத் துணியில் ஒட்டி, வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கும், வண்ணத்தை மங்கச் செய்யும். “சேலை வெளிறிவிட்டது” என்று நாம் ஒதுக்குவனவற்றுட் சில வெளிறியவையல்ல, படிவு மூடியவை. இத்தகைய நீருக்குக் கட்டிச் சவர்க்காரத்தைவிடச் சலவைத்தூள் ஏற்றது. கடைசியாக அலசும் வாளி நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு அலசினால் படிவு நீங்கும். மாரியில் மழைநீரைச் சேர்த்து வைத்து வெள்ளைகளை அதில் அலசுவோர் புத்திசாலிகள். புதுத் துணியின் சாயத்தை உப்புநீர் நிலைநிறுத்தும் என்ற நம்பிக்கையை நம்பி, வெள்ளைகளோடு சேர்த்துத் தோய்த்துவிட வேண்டா. முதல் இரண்டு மூன்று தோய்ப்பும் குளிர்ந்த நீரில் தனியாகவே நடக்கட்டும். உலர்த்தும்போது உட்புறம் வெளியாக, நிழலிலே போடுக. உடுப்பின் உள்ளே தைத்திருக்கும் சிறு துண்டில் ஸ்திரிக்கைப்பெட்டிப் படமும் புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு நடுத்தரம், மூன்று அதிகம். மூன்று புள்ளிச் சூட்டைப் பொலியெஸ்ரரில் வைத்தால் துணி பெட்டியோடு போய்விடும்.

ஞாயிறு மாலை ஐந்து சேலைகளையும், ஐந்து நாளுக்குரிய சட்டை உள்பாவாடைகளையும் சோடி சேர்த்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே தட்டில் வரிசையாக வைத்துவிடுக. ஊசி, நூல், கொளுக்கி, சேலைக் குத்தூசி எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னில் அதே தட்டில் இருக்கட்டும். காலை 6 மணிக்கு யோசிக்க வேண்டியது பிள்ளைகளின் சாப்பாட்டைப்பற்றி மாத்திரமே.

பட்டுச் சேலைகளை எவ்வாறு வைப்பது என்று வேறு இரு வாசகிகளும் கேட்டிருக்கின்றனர். உடுத்த அன்றே மடித்து வைக்காமல், ஓரிரவு காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வைக்க. மூன்று மாதத்துக்கொருமுறை பிரித்து மடிப்பை மாற்றாவிட்டால், மடித்த கோட்டிலேயே இழை அறும். பூச்சி உருண்டை சரிகையிற் படக்கூடாது. வேறு துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் அவ்வாறே பயன்படும். பிளாத்திக்குப் பைக்குள் இட்டு மூடுதல் கூடாது. மாரியில் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்து மழை விட்டதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெயில் நேரே படாத விறாந்தையில் ஒரு பகல் விரித்து வைக்க.